கோட்டைக்குள் போன தண்ணீர்க்குடம்

"மோதிரத்தை எடுத்தது திருடன்தான் சார்."

"மோதிரம் காணாமப் போனா வழக்கமா அவங்கதான் எடுப்பாங்க."

"நான் பொதுவாச் சொல்லலை. அவன் வேலையே திருடறதுதான். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம எங்காத்து ஹால்ல உட்கார்ந்துண்டு திருடறான்."

"நீங்க பாத்துக்கிட்டு சும்மா இருக்கீங்க?"

"நான்தானே சார் அவனுக்கு அனுமதி குடுக்கறேன். நான் நடத்துநர்."

புதன்கிழமை காலையில் செம்பூர் ஆபீசில் நடந்த இந்தப் பேச்சை, சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவியை நோக்கி நடக்கும்போது சாயிரா மறுபடி நினைத்துப் பார்த்தாள். துப்பறிவாளர் தனசீலனிடம் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் புகார் சொல்ல வந்திருக்கிறார்கள். திருடனுக்கு அனுமதியும் கொடுத்துவிட்டுத் திருட்டுப்போனது என்று வந்த முதல் ஆள் மாதுங்கா வெங்கடராமன்தான்.

"நடத்துநர்னா கண்டக்டரா? டிக்கெட் குடுப்பியளா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவர். அசட்டுக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிப் பழகியவர். அமெரிக்காவிலிருந்து அத்தான் கொண்டுவந்து கொடுத்த விளையாட்டு அது என்றார். அட்டையும் இல்லை, காயும் இல்லை. கோட்டை, காடு, ராட்சதன் எல்லாம் பேச்சில்தான். "எதிரே பூட்டின கதவு இருக்கு" என்று நடத்துநர் சொல்வார். ஆட வந்தவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் அந்தக் கதவை என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை முடிவு செய்யும். விதிப்புத்தகத்துக்கும் தாயக்கட்டைக்கும் புரியாத இடம் வந்தால் நடத்துநர் தீர்ப்பு சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

"இருபது முகமா? ராவணனுக்கே பத்துதானே சார்" என்றாள் சாயிரா.

"சாயிரா, எழுதிக்கோ" என்றார் தனசீலன். அவர் குரல் எப்போதுமே பக்கத்து நாற்காலியைத் தாண்டாது. அவரிடம் பேச வருகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் மேஜைமேல் பாதி சாய்ந்திருப்பார்கள்.

அவள் எழுதிக்கொண்டது இவ்வளவுதான். ஆட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நடத்துநர் வெங்கடராமன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீப். ஆட்டத்தில் அவனுக்குத் திருடன் வேஷம். செம்பூர் பள்ளிக்கூட டீச்சர் ரோஸி. அவளுக்கு மந்திரவாதி வேஷம். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கதையில் ஒரு ராஜாவின் மோதிரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் நிஜமாக இருக்கட்டுமே என்று வெங்கடராமன் பீரோவைத் திறந்து, காலமான அப்பாவின் சிவப்புக்கல் மோதிரத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்போது ரோஸி உருட்டிய தாயக்கட்டை மேஜையிலிருந்து குதித்து சோபாவுக்கு அடியில் ஓடியது. தரையில் விழுந்த எண் செல்லுமா செல்லாதா என்று சண்டை. மூன்று பேரும் சோபாவுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வெகு நேரம் வாதாடினார்கள். எழுந்து பார்த்தால் மோதிரம் இல்லை.

"வாசக் கதவு?"

"உள்ளே தாழ் போட்டிருந்தது சார்."

"வேற யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலை. நாங்க மூணு பேர்தான். ரோஸி டீச்சர், நான் நடத்துநர். ஹனீப் திருடன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். வரலைன்னா திங்கட்கிழமை போலீஸ். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

தனசீலன் கேஸை எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்துக்கொண்டார் என்று சாயிராவுக்குப் புரியவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவளுக்கு இந்தக் கேஸ் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஹனீப்பின் பட்டறை நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே இருந்தது. கீழே பெல்ட் வெட்டுகிறார்கள். ஏணி வைத்து ஏறினால் மேலே பர்ஸ் தைக்கிறார்கள். தனசீலன் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் மேலே நீட்டி வணக்கம் சொன்னார். மீதி உடம்புக்கு மேலே இடம் இல்லை.

"வாங்க சார். நீங்க போலீசா?" என்றான் ஹனீப். இருபத்தேழு வயதிருக்கும். கையில் பசை.

"இல்லை. பிரைவேட்."

"அப்ப அடிக்க மாட்டிய."

"சம்பளத்துல அது சேரலை."

"அண்ணே, நீங்க எந்த ஊர்க்காரவிய?" என்று கீழேயிருந்து சாயிரா குரல் கொடுத்தாள்.

"மேலப்பாளையம்மா. நீ?"

"கடையநல்லூர். ஆனா பாத்தது இல்ல. பொறந்ததே இங்கனதான், கும்பார்வாடாவுக்குப் பின்னால."

"அப்ப உனக்குத் தெரியும்லா. திருட்டுப் பட்டம் தாராவிக்காரனுக்கு ஓசியிலயே கெடைக்கும். காசு குடுத்துத் துப்பறிய வேண்டிய அவசியமே இல்ல."

தனசீலன் ஏணியில் நின்றபடியே கேட்டார். "வெங்கடராமன் உங்களைத் திருடன்னு சொன்னதா..."

"அவாள் என்னை ரெண்டு வருஷமாச் சொல்லுதாவ சார். 'திருடா, இப்ப நீ என்ன பண்றே?'ன்னுதான் கேப்பாவ. நானும் 'பூட்டை உடைக்கேன்'னு சொல்லுவேன். அதுல வருத்தம் இல்ல. ஆனா திங்கக்கிழமை மெடிக்கல் ஷாப்புக்குப் போன் போட்டு, அதே பேச்சைச் சொன்னாவ பாத்தியளா, அதுக்குத் தாயக்கட்டை உருட்டல. உருட்டாமலே தீர்ப்பு."

"மெடிக்கல் ஷாப்பா?"

"எனக்குப் போன் இல்ல. கடைக்காரர் போனை எடுத்து 'யாரு, என்ன விஷயம்'னு கேட்டிருக்காரு. இவாள் விஷயத்தையும் சொல்லிட்டாவ." ஹனீப் பசைக் கையைத் துணியில் துடைத்தான். "அந்தக் கடைக்காரருக்கு வடாலாவுல மச்சான் இருக்காரு. எனக்குப் பொண்ணு பேசியிருக்கதும் வடாலாவுலதான். ரெண்டு வீடும் ஒரே சந்து. இன்னிக்குக் காலையில பொண்ணோட வாப்பா ஆள் அனுப்பிட்டாரு. தேதி குறிக்கதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்ங்காரு. திங்கக்கிழமை போலீஸ் வந்து பட்டறை வாசல்ல நின்னுச்சுன்னா தள்ளி வைக்கதுக்குத் தேதியே இருக்காது சார்."

மேலே தையல் மெஷின் நின்றது. தைத்துக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஹனீப் அவரைப் பார்த்தான். மெஷின் மறுபடி ஓடியது.

"சோபாவுக்கு அடியில என்ன நடந்துச்சு?"

"ரோஸி டீச்சருக்கு ரெண்டு விழுந்திருந்துச்சு. கேவலமான நம்பர். அதனால 'தரையில விழுந்தா செல்லாது'ன்னாவ. நான் செல்லும்னேன். வெங்கட் அண்ணன் ரெண்டு பக்கமும் கேட்டாவ. கோர்ட்டு மாதிரி நடத்துவாவ, அதுல குறை சொல்ல மாட்டேன். மூணு பேர் தலையும் ஒண்ணா கெடந்துச்சு. டீச்சர் கொண்டை என் மூக்குல குத்துச்சு. நான் எங்கிட்டுப் போயி எடுக்க?"

"முதல்ல எழுந்தது யாரு?"

"மூணு பேரும் ஒண்ணாத்தான் எந்திரிச்சோம். சோபா நாடா மூணு பேர் தலையிலயும் மாட்டிக்கிட்டு."

இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி ஆடியது. ஹனீப் மேலேயிருந்து, "ஞாயித்துக்கிழமை நான் வர மாட்டேன் சார்" என்றான்.

"வராம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் அண்ணே" என்றாள் சாயிரா.

"வந்தா?"

"வந்தா காபியாவது கெடைக்கும்."

ரோஸி டீச்சரை மறுநாள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பார்த்தார்கள். சுருக்கமாகப் பேசுகிற பெண். ஆனால் விதி என்ற சொல் வந்ததும் சுருக்கம் போய்விட்டது.

"ஹனீப் எடுக்கலை. எடுக்கவும் முடியாது. அவர் மூக்கு என் கொண்டையில இருந்துச்சு. ஆனா வெங்கடராமன் சந்தேகப்படறதுக்குக் காரணம் என்னன்னு எனக்குத் தெரியும். எல்லாம் அந்தத் தண்ணிக்குடம் பண்ணின வேலை."

"தண்ணிக்குடமா?" என்றாள் சாயிரா.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்க ஆளுங்க ஒரு கோட்டைக்குள்ள போகணும். வாசல்ல காவல்காரங்க எட்டுப் பேர். என்கிட்ட ஆளை மறைக்கிற மந்திரம் இருக்கு. ஆனா விதிப்படி அது ஒரு தடவைதான் பலிக்கும், யாரையாவது தொட்டா கலைஞ்சிடும். நான் அதைப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன். ஹனீப் சொல்றார், 'மந்திரம் எதுக்கு? என் திருடன் ஒரு சேலையைச் சுத்திக்கிட்டு, இடுப்புல தண்ணிக்குடத்தை வச்சுக்கிட்டு உள்ளே போறான்.' நான் உடனே ஆட்சேபிச்சேன். வேஷம் போட்டா காவல்காரங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு தாயக்கட்டை உருட்டியே ஆகணும். எட்டுப் பேருக்கும் எட்டுத் தடவை. தெளிவா அச்சுல இருக்கு."

"வெங்கடராமன் என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சொன்னார், 'தாயக்கட்டை வேண்டாம். வீட்டுக்குத் தண்ணி கொண்டுவர்றவளை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டா. அவன் போகலாம்.'" ரோஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "புத்தகத்துல அப்படி ஒரு வரியே கிடையாது சார். சொந்தத் தீர்ப்பு. அதுக்கப்புறம் ஹனீப் யார் கண்ணுலயும் படாம எதையும் எடுத்துடுவார்னு அவருக்கு மனசுல பதிஞ்சு போச்சு."

"அன்னிக்கு எழுந்ததும் நீங்க என்ன பண்ணீங்க?"

"காபியை எடுத்துக் குடிச்சேன். கோபத்துல ஒரே வாய். நாக்கு வெந்துபோச்சு. ரெண்டு நாள் கிளாஸ்ல சரியாப் பேச முடியலை."

"பிள்ளைங்களுக்கு சந்தோஷமா இருந்திருக்கும்" என்றாள் சாயிரா.

"இருந்துச்சு" என்றாள் ரோஸி.

வெளியே வந்ததும் சாயிரா தன் முடிவைச் சொல்லிவிட்டாள். "டீச்சர்தான் சார். அமைதியா இருக்கவங்கதான் எடுப்பாவ. அந்த மோதிரத்தைக் கொண்டைக்குள்ள சொருகிட்டாவ. ஹனீப் அண்ணன் மூக்குல குத்துனது கொண்டை ஊசி இல்ல, மோதிரம்."

தனசீலன் பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தார். ஒரு பஸ் வந்து போயிற்று. அது அவர்கள் ஏற வேண்டிய பஸ்தான்.

"உன்கிட்ட மோதிரம் இருக்கா?" என்றார்.

"ரெண்டு ரூவா மோதிரம் இருக்கு. கழட்டினா விரல் பச்சையாத் தெரியும்."

"அது போதும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. ஹனீப்பையும் கூட்டிட்டு வந்துடு."

"எப்படி?"

"கடையநல்லூர்க்காரி மேலப்பாளையத்துக்காரனை எப்படிக் கூட்டிட்டு வருவாளோ அப்படி."

வெங்கடராமன் வீடு கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ரோஸி தன் ஜெராக்ஸ் விதிகளோடு வந்தாள். ஹனீப் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றான். வெங்கடராமன் அவன் முகத்தைப் பார்க்காமல், "வா" என்றார். அவனும் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்தான்.

ஹாலில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, தரையோடு தாழ்ந்த ஒரு சோபா. ஹாலை ஒட்டி அடுக்களை. இடையில் கதவு இல்லை, ஒரு திரைதான். திரைக்குப் பின்னால் குக்கர் சத்தம் போட்டது.

தனசீலன் ஹால் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் சாயிரா அதுவரை கேட்டிராத குரலில், மாதுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவர் போலப் பேசினார்.

"சரி! மோதிரத்தை எடுத்தது ஹனீப்தான்னு மிஸ்டர் வெங்கடராமன் முடிவு பண்ணிட்டார்!"

"மெதுவா சார். அம்மா காதுல விழும்."

"என் குரலே அப்படித்தான்! நாளைக்குக் காலையில போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறார்! ஹனீப்புக்கு வடாலாவுல நிச்சயம் ஆன கல்யாணம் நிக்கப் போகுது! அதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை நடந்ததை நடந்தபடி செஞ்சு பாத்துடுவோம்!"

சாயிரா அவரை மேலும் கீழும் பார்த்தாள். காய்ச்சலாக இருக்குமோ என்று நினைத்தாள்.

அவளுடைய இரண்டு ரூபாய் மோதிரம் மேஜை நடுவில் வைக்கப்பட்டது. வெங்கடராமன் தாயக்கட்டையைக் கொடுத்தார். தனசீலன் உருட்டினார். அது மேஜையிலேயே நின்றது. பதினெட்டு. மறுபடி உருட்டினார். அதுவும் மேஜையிலேயே நின்றது. பத்தொன்பது.

"அநியாயம்" என்றாள் ரோஸி. "எனக்கு ஒரு தடவைகூட விழுந்ததில்லை."

தனசீலன் தாயக்கட்டையை எடுத்து, நேராக சோபாவுக்கு அடியில் எறிந்தார்.

"இப்ப எல்லாரும் கீழே."

அந்த சோபா மூன்று பேர் உட்காரச் செய்தது. ஐந்து பேர் அதன் அடியில் தலையை விடுவதை அதைச் செய்தவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஹனீப் ஓரமாக ஒதுங்கிப் படுத்தான். சாயிராவின் முகத்துக்கு எதிரே ஒரு பழைய பஸ் டிக்கெட் கிடந்தது.

"சண்டை போடுங்க" என்றார் தனசீலன்.

"என்ன சண்டை?"

"அன்னிக்குப் போட்டது."

ரோஸிதான் ஆரம்பித்தாள். "தரையில விழுந்தது செல்லாது. மேஜைதான் ஆட்டக்களம்."

"புத்தகத்துல மேஜைன்னு போட்டிருக்கா டீச்சர்?" என்றான் ஹனீப், தரையைப் பார்த்தபடி.

"போடலை. ஆனா அர்த்தம் அதுதான்."

"தண்ணிக்குடத்துக்கு மட்டும் அச்சுல இருக்கணும், இதுக்கு அர்த்தம் போதுமோ?"

"இருங்கோ, ரெண்டு பேரும் இருங்கோ" என்றார் வெங்கடராமன், தன்னை மறந்து. "விதி எதுக்காக வந்ததுன்னு பாக்கணும். கையால தொட்டுத் திருப்பிடக் கூடாதுன்னுதான் மேஜை. யாரும் தொடலைன்னா தரையும் மேஜைதான்."

"அப்ப டெல்லியில போயி விழுந்தா?" என்றாள் சாயிரா.

"டெல்லியில யாரும் தொடலைன்னு நீங்க நிரூபிக்கணும்."

சண்டை சூடு பிடித்துவிட்டது. தனசீலன் தலையை வெளியே இழுக்க முயன்று, முடியாமல், "போதும். எழுந்திரிக்கலாம். முதல்ல யாராவது சோபாவைத் தூக்குங்க" என்றார்.

எழுந்து திரும்பினார்கள்.

மேஜையில் ஐந்து டம்ளர் காபி ஆவி பறக்க இருந்தது. நடுவில் சாயிராவின் மோதிரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மோதிரம். சிவப்புக்கல்.

ஹனீப் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே தூக்கினான்.

"எப்படி சார்? கதவு தாழ் போட்டிருக்கு" என்றார் வெங்கடராமன். "அஞ்சு பேரும் கீழே இருந்தோம். யார் வச்சா?"

"காபியை யாரு வச்சாங்களோ அவங்க" என்றார் தனசீலன். குரல் பழையபடி தணிந்துவிட்டது. எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

"காபியை..." என்று ஆரம்பித்த வெங்கடராமன் நிறுத்திக்கொண்டார்.

"யாரும் வரலைன்னு சொன்னீங்க. மத்த ரெண்டு பேரும் யாரும் வந்ததாச் சொல்லலை. யாரும் பொய் சொல்லலை, உங்க கணக்குல யாரும் வரலை. ஆனா டீச்சர் வெகு நேரம் சோபாவுக்கு அடியில சண்டை போட்டுட்டு எழுந்து காபி குடிக்கிறாங்க, நாக்கு வெந்து போகுது. கீழே போறதுக்கு முன்னாடி வச்ச காபி ஆறிப்போயிருக்கும். நீங்க கீழே இருந்தப்பத்தான் அது வந்திருக்கு. கூடவே மோதிரம் போயிருக்கு." அவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குத் தண்ணி கொண்டுவர்றவளை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்கன்னு நீங்களே தீர்ப்பு சொல்லியிருக்கீங்க. புத்தகத்துல இல்லைதான். ஆனா நல்ல தீர்ப்பு. உங்க வீட்டுலயும் செல்லுது."

"நீங்க பாத்தியளா சார், அவங்க வச்சதை?" என்றாள் சாயிரா.

"எப்படிப் பாக்க? என் தலை சோபாவுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு."

திரை விலகியது. வெங்கடராமனின் அம்மா கோமதியம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயதிருக்கும். யாரையும் பார்க்காமல் நேராக ஹனீப்பின் எதிரே வந்து நின்றார்.

"நான்தான்ப்பா எடுத்தேன். உன் பேர்ல பழி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இவன் எல்லாத்தையும் எனக்கு மறைச்சு மறைச்சுப் பேசிண்டிருந்திருக்கான். இந்த சார் கத்தினப்பத்தான் தெரிஞ்சது. பாதி காபியைக் கொட்டிட்டு மறுபடி போட்டேன்."

ஹனீப் மெதுவாகக் கையை இறக்கினான். "பரவால்ல மாமி. நீங்களாவது மொகத்தைப் பாத்துச் சொல்லுதியளே."

அது போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. வெங்கடராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஹனீப், நான்..." என்றார்.

"எங்கிட்டச் சொல்லாண்டாம் அண்ணே. மெடிக்கல் ஷாப்ல வந்து சொல்லுங்க."

"நாளைக்குக் காலம்பற ஆபீசுக்கு லீவு. நானே வந்து கடை வாசல்ல நின்னு சொல்றேன். அப்புறம் வடாலாவுக்கும் வரேன். பொண்ணோட அப்பாகிட்ட, என் தப்புன்னு சொல்றேன்."

"சத்தமாச் சொல்லணும்."

"சத்தமா."

"மருந்து ஏதாச்சும் வாங்கணும். சும்மா நின்னா கடைக்காரருக்குப் பிடிக்காது" என்றாள் சாயிரா.

ஹனீப் முதல்முறையாகச் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரோஸி இந்த முறை காபியை ஊதிக் குடித்தாள்.

வெங்கடராமன் அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா இப்படிப் பண்ணினே? மோதிரத்தைக் கேக்காம எடுத்தேன்னு கோபமா?"

"கோபம்தான். உங்கப்பாவோட மோதிரத்தை விளையாட்டுச் சாமானா வச்சியே. ஆனா அதுக்காக எடுக்கலை." கோமதியம்மாள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "ரெண்டு வருஷமா அந்தத் திரைக்குப் பின்னாடி நின்னுண்டு கேட்டுண்டிருக்கேன். நீ சொல்ற தீர்ப்பெல்லாம் எனக்குத் தெரியும். பாதிக்கு மேல சரியாத்தான் சொல்றே. தரையில விழுந்த கட்டையைத்தான் ஒரு நாள் செல்லும்ங்கறே, ஒரு நாள் செல்லாதுங்கறே. அது எனக்குப் பிடிக்கலை."

"நானும் அதைத்தான் மாமி சொல்றேன்" என்றாள் ரோஸி.

"நீ உனக்குக் கொறைச்சலா விழுந்தா மட்டும்தான் சொல்றேம்மா." ரோஸி டம்ளருக்குள் பார்த்தாள். "ஆனா அந்த ஏரியில இருந்த நாகத்தைக் கொன்னியே, அது ரொம்ப நன்னா இருந்தது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாகம் சாகலை மாமி. தப்பிச்சுப் போயிருச்சு" என்றான் ஹனீப் மெதுவாக.

"சாகலையா?" கோமதியம்மாளின் முகம் வாடிவிட்டது. "குக்கர் விசில் அடிச்சுடுத்து. அந்த இடம் எனக்குக் கேக்கலை. மூணு மாசமா செத்துப்போச்சுன்னே நினைச்சிண்டிருந்தேன்."

தனசீலன் டம்ளரை வைத்துவிட்டு, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நீங்க எப்பவும் என்ன பண்ணுவேள்?" என்று கோமதியம்மாள் தொடர்ந்தார். "ஒரு பொருள் காணாமப் போனா, ஒரு அறை விடாமத் தேடிண்டு வருவேள். பாதாளம், பரண், கிணறு ஒண்ணு விட மாட்டேள். மோதிரம் காணலைன்னா அடுக்களைக்கும் தேடிண்டு வருவேள்னு நினைச்சேன். உங்க மூணு பேருக்கும் சேவை பிழிஞ்சு, தேங்காய்ச் சேவையும் எலுமிச்சஞ்சேவையும் பண்ணி வச்சுண்டு உட்கார்ந்திருந்தேன். ஹால் முழுக்கத் தேடினேள். சோபாவைப் புரட்டிப் போட்டேள். திரைக்கு அந்தாண்ட ஒருத்தரும் வரலை. ராத்திரி நான் ஒருத்தியா சாப்பிட்டேன்."

குக்கர் ஒரு விசில் அடித்தது.

"வந்திருந்தா மோதிரத்தைக் குடுத்திருப்பியளா மாமி?" என்றாள் சாயிரா.

"குடுத்திருப்பேன். குடுத்துட்டு ஒண்ணு கேட்டிருப்பேன்."

"என்னம்மா கேட்டிருப்பே?" என்றார் வெங்கடராமன்.

கோமதியம்மாள் மேஜையைப் பார்த்தார். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். இப்போதும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார் என்றுதான் சாயிராவுக்குத் தோன்றியது. ஒரு காலைக்கூடத் திரையின் பக்கம் எடுத்துவைத்துவிட்டார். அப்புறம் திரும்பினார்.

"என்னையும் ஆட்டத்துல சேர்த்துக்கோடா வெங்கிட்டு. எனக்கும் ஒரு ஆள் வேணும். கையில வாள் இருக்கணும்."